விவேக் நகரில் ஆறப் பொறுக்கும் கால்கள்

மாரத்தான் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். அதிலிருந்து மீண்டு மறுபடி ஓடத் தொடங்குவது ஒரு மாத வேலை. பெங்களூரின் நெருக்கடியான பேட்டை ஒன்றின் சந்துகளிலும் மைதானத்திலும் அந்த வேலை எப்படி நடக்கிறது?

பெங்களூரில் மாரத்தான் நடந்த மறுநாள், முந்தைய தினம் ஓடியவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு மாடிப்படி போதும். விவேக் நகரில் மாடிப்படிகளுக்குப் பஞ்சமில்லை. இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்பிய வீடுகள். செங்குத்தான, ஒருவர் மட்டுமே இறங்கக்கூடிய படிகள். சாதாரண நாட்களில் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கும் இளைஞர் அன்று கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, முதுகைத் தெருவுக்குக் காட்டியபடி, பின்பக்கமாக இறங்குகிறார் என்றால் சந்தேகமே வேண்டாம். அவர் 42.195 கிலோமீட்டர் ஓடியவர்.

மாரத்தான் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் முடிவுக்கோட்டோடு நின்றுவிடுகின்றன. பதக்கம், புகைப்படம், வாழைப்பழம், அத்தோடு சரி. அதற்குப் பிறகு வரும் நாட்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஓட்டம் ஒருவருடைய வாழ்க்கையில் நிலைக்குமா, ஒரே பதக்கத்தோடு முடிந்துபோகுமா என்பது தீர்மானமாவது அந்த நாட்களில்தான்.

விவேக் நகர் ஓட்டக்காரர்களுக்காக அமைந்த இடமல்ல. கிழக்கே ராணுவத்தின் மதில்கள். தெற்கே ஈஜிபுரா, அதைத் தாண்டினால் கோரமங்களா. மேற்கே ஆஸ்டின் டவுனும் நீலசந்திராவும். 1809ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்தபோது அவர்கள் பின்னால் வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். பக்கத்துப் பேட்டை ஒன்றுக்கு வண்ணாரப்பேட்டை என்றே பெயர். சந்து முனையில் தமிழ் கேட்கும். அதற்கு கன்னடத்தில் பதில் வரும். இரண்டுக்கும் நடுவே உருது கலக்கும். நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் காய்கறி வண்டி நிற்கும். இல்லாத இடத்தில் ஸ்கூட்டர் நிற்கும். ஓடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் புகுந்து போக வேண்டும்.

ஆனாலும் ஓடுகிறார்கள். காரணம், பெங்களூரில் ஓட்டம் இப்போது ஒரு திருவிழா. 2008ல் தொடங்கிய பத்து கிலோமீட்டர் ஓட்டம் உலகின் முன்னணி வீரர்களை இந்த நகரத்துச் சாலைகளுக்கு வரவழைத்தது. 2014ல் பெங்களூர் மாரத்தான் சேர்ந்துகொண்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், சென்னையில் நினைத்துப் பார்க்க முடியாத விடியற்காலைக் குளிர் என்று இயற்கையும் ஒத்துழைக்கிறது. விவேக் நகரிலிருந்து கண்டீரவா ஸ்டேடியமும் கப்பன் பூங்காவும் நான்கைந்து கிலோமீட்டர் தூரம்தான். கோரமங்களாப் பக்கம் போனால், 1997ல் கர்நாடகத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது வீரர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு இன்னமும் தேசிய விளையாட்டு கிராமம் என்ற பெயரோடு நிற்கிறது. வழியில், 2017ல் வேலை ஆரம்பித்துப் பல ஆண்டுகள் வெறும் தூண்களாக நின்ற ஈஜிபுரா மேம்பாலம். முடிவுக்கோட்டை எட்ட முடியாமல் திணறிய மாரத்தான்களில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போது உடம்புக்கு என்ன ஆகிறது? அறுபது கிலோ எடையுள்ளவர் மாரத்தான் ஓடி முடிக்க சுமார் 2,500 கலோரி தேவை. தசையிலும் ஈரலிலும் சர்க்கரையாகச் சேமித்து வைத்திருக்கும் சக்தி ஏறத்தாழ 2,000 கலோரிதான். முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் பலர் சுவரில் மோதியது போல நின்றுவிடுவது இதனால்தான். இன்னொரு பக்கம், பாதம் சுமார் 40,000 தடவை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தைக் கால் தாங்குகிறது. தொடைத் தசைகளின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் ஏற்படுகின்றன. வலி அன்றைக்கே உச்சத்துக்கு வராது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் முழு வேகத்தில் வரும். படியில் இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருக்கிறது. மிக அதிகம் அடிபட்ட வேலையை மறுபடி அதனிடமே வாங்குவது போல. பின்பக்கமாக இறங்கினால் அந்த வேலை குறைகிறது. யாரும் சொல்லித் தராமலே ஓட்டக்காரர்கள் கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் இது.

வெளியே தெரியாத சேதங்களும் உண்டு. அமெரிக்காவில் 2015ல் நடந்த ஹார்ட்ஃபோர்டு மாரத்தானில் ஓடிய 22 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 82 சதவீதத்தினரின் சிறுநீரகத்தில் தற்காலிகப் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. இரண்டு நாட்களில் அது சரியாகிவிட்டது. இதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஓடிய கையோடு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது ஏன் கூடாது என்பது இதிலிருந்து புரியும். ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்தின் தலையில் அந்த மாத்திரை இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு உப்புச்சத்து ஆபத்தான அளவை நோக்கிக் குறைந்திருந்தது. பெரும்பாலும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்ததன் விளைவு. தாகத்துக்குத் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட மோர், சோறு, பருப்பு, முட்டை, ராகிக் கஞ்சி. விவேக் நகர் வீடுகளின் சாதாரணச் சமையலே போதுமான மருந்து. பானங்களின் விளம்பரம்தான் வேறு மாதிரி சொல்லும்.

தமிழில் இந்த நாட்களுக்குப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது: இளைப்பாறுதல். மேல்மூச்சு வாங்கும் இளைப்பு, ஆறுகிறது. புண் ஆறுகிறது, பால் ஆறுகிறது, மனம் ஆறுதல் அடைகிறது, இளைப்பும் ஆறுகிறது. இவை அனைத்துக்கும் ஒரே வினைச்சொல். அடுப்பிலிருந்து இறக்கிய பாலை ஊதலாம், ஆற்றலாம். ஓரளவுக்கு மேல் அவசரப்படுத்த முடியாது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கேட்கும் பழமொழி சமையற்கட்டில் பிறந்தது. நான்கு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவர் நான்கு வாரம் பொறுக்க முடியாமல் காலை முறித்துக்கொள்ளும்போது அந்தக் கேள்வி அவருக்கும் பொருந்துகிறது.

பொறுப்பது எப்படி என்பதைப் பார்க்க விவேக் நகரில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள குழந்தை இயேசு ஆலயம் பெங்களூர் முழுவதும் பிரசித்தம். வியாழக்கிழமைகளில் இந்தப் பக்கம் பஸ்ஸும் ஆட்டோவும் ஊர்ந்துதான் போக முடியும். மெழுகுவர்த்தி, பூ, படம் விற்கும் கடைகளைக் கடந்து கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் மற்றவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வேலை, திருமணம், குழந்தை, நோய் என்று ஆளுக்கொரு வேண்டுதல். ஒன்பது வியாழக்கிழமை தொடர்ந்து வருவதாக நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. முதல் வியாழனே பலன் கேட்பவர்கள் குறைவு. வாரா வாரம் வந்து நிற்பதே பாதி வேண்டுதல் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பக்தியின் மூலம் செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்து 1628ல் கார்மேல் சபைத் துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்ட சின்னஞ்சிறு சுரூபம் அது. அதே பிராக் நகரில் வாழ்ந்து 2000ல் மறைந்தவர், ஓட்ட உலகத்தின் மாமனிதர் எமில் ஜடோபெக். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றுவிட்டு, அதுவரை ஓடியே பார்த்திராத மாரத்தானிலும் இறங்கி 2 மணி 23 நிமிடத்தில் ஜெயித்தார். பயிற்சியில் அவரளவுக்கு உடம்பை வருத்தியவர்கள் குறைவு. அப்படிப்பட்டவரே, அந்த மாரத்தானுக்குப் பிறகு ஒரு வாரம் ஒழுங்காக நடக்கக்கூட முடியவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். விவேக் நகர் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குபவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் நல்ல துணையோடுதான் இறங்குகிறார்.

பெங்களூருக்கே சொந்தமான ஒரு கதையும் உண்டு. கேரளத்தின் வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா 2015ல் பீஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் மாரத்தான் ஓடி தேசிய சாதனை படைத்தார். மறு வருடம், 2016 ஆகஸ்ட் 14 அன்று, ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் வெயிலில் ஓடி 89வது இடத்தில் முடித்ததும் மயங்கி விழுந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 47 நிமிடம் 19 விநாடி. வழியில் தனக்குத் தண்ணீர் தர இந்தியத் தரப்பில் ஆளே இல்லை என்று அவர் சொன்னதும், தடகள சம்மேளனம் அதை மறுத்ததும், மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் அந்த மாதப் பத்திரிகைகளை நிரப்பின. அந்தச் சத்தத்தில் அதிகம் பேசப்படாமல் போனது அடுத்து நடந்தது. பெங்களூர் திரும்பிய ஜெய்ஷாவுக்கு எச்1என்1 காய்ச்சல் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அவருக்கு முன்பே, ரியோவில் ஸ்டீபிள்சேஸ் ஓடிவிட்டு வந்த சுதா சிங்குக்கும் அதே காய்ச்சல் பெங்களூரில் உறுதியாகியிருந்தது.

சுதா சிங் அதற்குப் பிறகு எப்படித் திரும்பி வந்தார் என்பது கவனிக்க வேண்டியது. 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஸ்டீபிள்சேஸ் தங்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2019 ஜனவரியில் மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலிடம். அதில் அவர் எடுத்துக்கொண்ட 2 மணி 34 நிமிடம் 56 விநாடி, ஜெய்ஷாவின் சாதனையைவிட 13 விநாடி மட்டுமே அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அந்த ஓட்டத்துக்கு இரண்டரை ஆண்டு. நடுவில் பழகிய தூரத்தை ஓடி, மெல்ல நீண்ட தூரத்துக்கு வந்திருக்கிறார்.

சாதாரண ஓட்டக்காரருக்கு இரண்டரை ஆண்டு தேவையில்லை. நியூஸிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் முப்பது வயதைத் தாண்டிய பிறகே ஓட ஆரம்பித்தவர். 41 வயதில், 1974 காமன்வெல்த் போட்டியில் மாரத்தான் வெள்ளி வென்றார். அவர் பெயரால் ஓட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது: போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் நிதானம். மாரத்தான் 26 மைல். எனவே 26 நாள். இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த சூத்திரமல்ல, அனுபவக் கணக்கு. ஆனாலும் காலத்தைத் தாண்டி நிற்கிறது.

அந்த 26 நாளை விவேக் நகரின் வரைபடத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். முதல் வாரம் ஓட்டமே கிடையாது. முதல் இரண்டு நாள் தூக்கமும் சாப்பாடும்தான் பயிற்சி. அழுத்திப் பிடித்துவிடும் மசாஜும் அப்போது வேண்டாம். வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்துக்கொள்வது இதமாக இருக்கும், தவறில்லை. மூன்றாம் நாளிலிருந்து நடை. ஆலயம் வரை போய்த் திரும்பும் தூரம் போதும். வியாழக்கிழமைக் கூட்டம் வேகமாக நடக்க விடாது என்பது ஒரு வசதி.

இரண்டாம் வாரம் ஆஸ்டின் டவுன் மைதானம். இந்தப் பகுதியின் கால்பந்துப் பித்து ஊரறிந்தது. பையன்கள் பந்தோடு பறக்கும் மைதானத்தின் ஓரமாக, ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிடம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். மூச்சு வாங்கினால் நடை. ஆபத்து இந்த வாரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பத்தாம் நாள் வாக்கில் தசை வலி முற்றிலும் போய்விடும். கால் லேசாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் தசைக்குக் கிடைக்கும் அளவு ரத்தம் தசைநாருக்குக் கிடைப்பதில்லை. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாரும் எலும்பும் சரியாவது மெதுவாகத்தான். வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு பழைய வேகத்தில் பாய்பவர்கள் மூன்றாம் வாரம் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். மாரத்தான் செய்யாத சேதத்தை அவசரம் செய்துவிடுகிறது.

மூன்றாம் வாரம் கப்பன் பூங்கா வரை. 1870ல் அமைந்த பூங்கா. மண் பாதையும் மர நிழலும் தார்ச் சாலையைவிடக் காலுக்குக் கருணை காட்டும். ஞாயிறு காலை அங்கே நகரத்தின் பாதி ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். நான்காம் வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, முக்கால் பாகம். அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கும் ஓட்டம். நடுவில் நெஞ்சு வலி, கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், எலும்பின் ஒரே இடத்தில் குத்தும் வலி, காப்பி நிறத்தில் சிறுநீர், தலைசுற்றலோடு குழப்பம் இவற்றில் எது வந்தாலும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஓட்ட நண்பர்களிடம் யோசனை கேட்கும் நேரமல்ல அது.

மனசுக்கும் ஒரு வலி உண்டு. நான்கு மாதம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிக்கோள் இருந்தது. இப்போது விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வருகிறது, போக இடமில்லை. மாரத்தானுக்குப் பிறகு ஒருவித வெறுமை பிடித்துக்கொள்வதாகப் பலரும் சொல்வது இதைத்தான். பலர் அவசரமாக அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதும் அந்த வெறுமையை நிரப்பத்தான்.

இதில் யாரும் கணக்கெடுக்காத இன்னொரு தரப்பு இருக்கிறது. காலை ஆறு மணிக்கு விவேக் நகரிலிருந்தும் ஈஜிபுராவிலிருந்தும் கோரமங்களா அடுக்குமாடிகளை நோக்கி நடக்கும் பெண்கள். நாலு வீடு, பாத்திரம், துணி, மாடிப்படி. அவர்களைக் கடந்து பைக்கில் பறக்கும் சாப்பாட்டு டெலிவரி இளைஞர்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டிகள். இவர்கள் கால்களுக்கும் தசை இழைகள் உண்டு, அவையும் கிழியும். ஆனால் அவர்களுக்கு 26 நாள் யாரும் தருவதில்லை. ஒருநாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம், இரண்டு நாள் வராவிட்டால் வேறு ஆள். இளைப்பாறுதல் பயிற்சியின் ஒரு பகுதி என்று ஓட்டப் பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது உழைப்பின் ஒரு பகுதியும்தான். ஓய்வெடுக்க முடிந்தவர் அதை வீணாக்கி, காலை முறித்துக்கொண்டு வந்து நின்றால், தரையைத் துடைக்க வந்த பெண்மணிக்கு அது எப்படித் தோன்றும் என்று யோசிக்கலாம்.

மாரத்தானின் ஆதிக் கதை நாம் அறிந்ததே. போர்க்களத்திலிருந்து ஏதென்ஸ் வரை ஓடி வந்து, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு உயிரை விட்ட கிரேக்கத் தூதுவன். வீரமான கதைதான். ஆனால் அவன் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அவனைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு அவன் வாழ்க்கையில் வராத அத்தியாயம் ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பி எழுவது, நடப்பது, மறுபடி ஓடுவது.

நான்காவது வியாழக்கிழமை. ஆலயத்தின் முன்னால் அதே நெரிசல், அதே மெழுகு வாசனை. மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை, முகம் தெருவைப் பார்த்திருக்கிறது. ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, சந்து முனை வரை நடக்கிறார். அங்கே கூட்டம் கொஞ்சம் விலகுகிறது. பால் ஆறிவிட்டது. இனி மெதுவாகக் குடிக்கலாம்.